"அக்கா, என் மேல வாடை அடிக்குதா?": ஏலத்தோட்ட வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

புதிதாகத் தோட்ட வேலைக்குக் கிளம்புகிற பிள்ளைகள் என்னிடம் அட்டைக்கடியைப் பற்றிக் கேட்பார்கள், குளிரைப் பற்றிக் கேட்பார்கள். பத்து நாள் கழித்து அவர்களில் ஒருத்தி தனியாக வந்து வாசற்படியில் நிற்பாள். சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே கேட்பாள்: "அக்கா, என் மேல வாடை அடிக்குதா?"

அதைக் கேட்கத் தெரியாமல் நானும் ஒரு காலத்தில் தவித்தவள்தான். கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு ஏறி, கேரளத்து நெடுங்கண்டம் பக்கம் போகிற ஜீப்பில் பன்னிரண்டு வருஷம் போய்வந்தேன். பத்துப் பதினைந்து பேர் முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். முதல் வருஷத்து மழைக்காலம் முழுக்க நான் பின்பக்க ஓரத்தைத்தான் பிடிப்பேன். காற்றில் வாடை போய்விடும் என்று நினைப்பு. யாராவது மூக்கைத் தேய்த்தால்கூட எனக்கு முகம் செத்துப்போகும். ஒருநாள் ஒரு பெரியம்மா இறங்கும்போது என் கையைப் பிடித்துத் தனியாகக் கூட்டிப்போய், "குளிக்கிற, சரி. ஒழுங்காத் துவட்டுறியா தாயி?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் பிடிபட ஆரம்பித்தது.

இப்போது நான் மலைக்குப் போவதில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போய்ச் சுகரும் பிரஷரும் பார்க்கிறேன். நர்ஸம்மாக்களிடமும் டாக்டர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் என் உடம்பில் பட்டு அறிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். வெட்கப்பட்டு மறைத்தால் இது வளரும், அதனால் எதையும் மறைக்காமல் எழுதப் போகிறேன்.

வாடை எங்கிருந்து வருகிறது

வியர்வைக்குத் தனியாக வாடை கிடையாது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஒருவகை வியர்வைச் சுரப்பி இருக்கிறது, அது வயதுக்கு வருகிற பருவத்தில்தான் வேலை செய்யத் தொடங்கும். அந்த வியர்வையில் கொழுப்பும் புரதமும் கலந்திருக்கும். தோல்மேல் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை உடைக்கும்போதுதான் வாடை கிளம்புகிறது. சின்னப் பிள்ளைகள் நாள் முழுக்க வெயிலில் ஆடிவிட்டு வந்தாலும் அந்தக் காட்டமான வாடை அடிக்காது, பார்த்திருப்பீர்கள்.

வியர்வையையும் கிருமியையும் நம்மால் முழுசாக நிறுத்த முடியாது. ஈரத்தை நிறுத்தலாம். பச்சை ஏலக்காயை எடுத்ததும் ஸ்டோருக்குக் கொண்டுபோய் ஏன் சூட்டில் உலர்த்துகிறார்கள்? சாக்கில் கட்டிப் போட்டால் பூசணம் பிடித்து நிறம் போய்விடும். தோலும் அப்படித்தான். ஏலத்தோட்ட நிழலில் மழைக்காலத்தில் எதுவுமே காயாது என்பதால் நமக்கு இந்தத் தொல்லை மற்றவர்களைவிட அதிகம். நம் சுத்தத்தில் குறை இருக்கிறது என்று அர்த்தமில்லை.

முதலில் எந்த இடம் என்று கண்டுபிடியுங்கள். சாயங்காலம் வந்து துணி கழற்றியதும் வாசலில் கொஞ்ச நேரம் காற்றில் நில்லுங்கள். நம் மூக்கு நம் வாடைக்குப் பழகிப்போயிருக்கும், அது தெளிய வேண்டும். அப்புறம் சட்டையின் அக்குள், பாவாடையின் இடுப்பு, ஜட்டி, சாக்ஸ் என்று ஒவ்வொன்றாக முகர்ந்து பாருங்கள். அக்குள் என்றால் ஒரு வைத்தியம், கால் என்றால் வேறு வைத்தியம். சந்தேகமாக இருந்தால் அக்காவையோ மதினியையோ கேளுங்கள். இரண்டு பேர் இல்லை என்று சொன்ன பிறகும் மனசு ஆறாமல் மருகிக்கொண்டே இருந்தால், அந்தப் பயத்தையே டாக்டரிடம் சொல்லலாம். அதற்கும் சிகிச்சை உண்டு.

குளியல் சாயங்காலம்தான்

காலையில் குளித்துவிட்டு, சாயங்காலம் வந்ததும் கைகால் மட்டும் கழுவிக்கொண்டு அடுப்படிக்குப் போவது நம் வழக்கம். அதை மாற்றுங்கள். பகல் முழுக்கச் சேர்ந்த வியர்வையோடு ராத்திரி படுக்கக் கூடாது. மருந்தடித்த தோட்டத்தில் வேலை செய்த அன்று இது இன்னும் முக்கியம். பிள்ளையைத் தூக்குவதற்கு முன்பே குளித்துவிடுங்கள், அந்தத் துணியையும் மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள்.

சோப்பு எதுவானாலும் சரி. அக்குள், மார்புக்கு அடியில், தொடையிடுக்கு, கால் விரலிடுக்கு, இந்த நான்கு இடத்திலும் நுரை பட்டு அலசினால் போதும், தோல் சிவக்கத் தேய்க்க வேண்டாம். தேய்த்த தோலில் எரிச்சலும் புண்ணும் வந்து கிருமிக்கு வழி திறக்கும்.

அப்புறம் துவட்டுவது. பெரியம்மா எனக்குக் காட்டிக்கொடுத்தது இது: பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து நான்காக மடித்து வைத்துக்கொள்ள வேண்டும். துண்டால் உடம்பைத் துடைத்த பிறகு, அந்த மடித்த துணியை மேலே சொன்ன நான்கு இடங்களிலும் ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்காமல் ஒற்ற வேண்டும். துணியை எடுத்துப் பார்த்தால் ஈரம் தெரியும். மறுபக்கம் திருப்பி மறுபடி ஒற்ற வேண்டும். துணியில் ஈரம் படுவது நிற்கும்வரை இதைச் செய்துவிட்டு அதற்கு மேல்தான் ரவிக்கை. முழுசாக ஐந்து நிமிஷம்கூட ஆகாது. ஒருவர் துணியை இன்னொருவர் தொடக் கூடாது.

அக்குள்

முடியைக் கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டினாலே வாடை குறையும். முழுசாக மழிக்க வேண்டும் என்றில்லை. மழித்தால் பிளேடு உங்களுடையதாக மட்டும் இருக்கட்டும்.

முடிவெட்டும் கடையில் சவரம் முடிந்ததும் முகத்தில் தடவுவார்களே, அந்தப் படிகாரம் நல்ல கைவைத்தியம். குளித்ததும் ஈர அக்குளில் கட்டியை ஒரு தடவை உருட்டி, காயவிட்டால் போதும். படிகாரத்துக்கு அடங்காவிட்டால் மருந்துக்கடையில் வியர்வை குறைக்கிற ரோல்-ஆன் கேளுங்கள், அதில் அலுமினியம் உப்பு இருக்கும். பலரும் இதைக் காலையில் கிளம்பும் அவசரத்தில் போடுகிறார்கள். ராத்திரி படுக்கப் போகும்போது, நன்றாகக் காய்ந்த அக்குளில் போட்டால்தான் சுரப்பியின் வாயில் நின்று வேலை செய்யும். வெறும் வாசனை ஸ்பிரே வாடையை ஒரு மணி நேரம் மூடுமே தவிர வியர்வையைக் குறைக்காது. எலுமிச்சையும் சமையல் சோடாவும் தேய்க்காதீர்கள், அக்குள் தோல் வெந்துபோகும்.

அக்குளிலோ தொடையிடுக்கிலோ கட்டிகள் வந்து, உடைந்து சீழ் வைத்து, ஆறி, அதே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறதா? அது அழுக்கினால் வருவதல்ல. தனி நோய். தோல் டாக்டரைப் பார்க்க வேண்டும். பூண்டு, மது இரண்டும் வியர்வையில் வாடை கூட்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

துணி

சேலைக்கு மேலே வீட்டுக்காரருடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் நாம் காய் எடுக்கப் போகிறோம். அந்தச் சட்டை பெரும்பாலும் பாலியஸ்டர். எவ்வளவு துவைத்தாலும் அதன் அக்குளில் பழைய வாடை பதுங்கியிருக்கும், உடம்புச் சூடு பட்டதும் மறுபடி கிளம்பும். பலருக்கு வாடை உடம்பில் இல்லை, சட்டையில்தான். பருத்திச் சட்டைக்கு மாறுங்கள். முடியாவிட்டால், சுடுதண்ணீரில் சலவைச் சோடா கரைத்து அரை மணி நேரம் ஊறவைத்து, உள்பக்கத்தை வெளியே திருப்பித் துவையுங்கள். இரண்டு சட்டை வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள்.

மழைக்காலத்தில் அரைகுறையாகக் காய்ந்த ஜட்டியைப் போடுவது மறைவிட அரிப்புக்கு ஒரு பெரிய காரணம். கேலிக்குப் பயந்து நாம் அதைச் சேலைக்கு அடியில் மறைத்துக் காயப் போடுகிறோம். அங்கே அது காய்வதே இல்லை. அடுப்புக்குப் பக்கத்தில் கொடி கட்டுங்கள். இஸ்திரிப் பெட்டி இருந்தால் உள்பக்கமாகத் தேயுங்கள், சூட்டில் பூஞ்சையும் சாகும்.

கால்

சேற்றில் நின்று விரலிடுக்கு வெளுத்து நமைத்தால் அது சேற்றுப்புண். கம்பூட்ஸ் போடுகிறவர்களுக்கு உள்ளங்காலில் ஊசியால் குத்தியதுபோலச் சின்னச் சின்னக் குழிகள் விழுந்து, தாங்க முடியாத வாடை வரும். இது பாக்டீரியாவால் வருவது. தோலில் தடவுகிற களிம்பிலேயே குணமாகும். பூட்ஸை ராத்திரி கவிழ்த்து வைத்து, உள்ளே பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்தால் ஈரத்தை இழுத்துவிடும். சாக்ஸ் தினமும் துவைத்துக் காய்ந்ததாக இருக்கட்டும்.

படர்தாமரை: என் தம்பிக்கு நடந்தது

ஆண்களும் படிக்க வேண்டிய பகுதி இது. என் தம்பி ஜீப் ஓட்டுகிறவன். நாள் முழுக்க ரெக்சின் சீட்டில் உட்கார்ந்து தொடையிடுக்கில் வட்ட வட்டமாக அரிப்பு. மருந்துக்கடையில் வாயால் சொல்லி ஒரு டியூப் வாங்கினான். மூன்றே நாளில் அரிப்பு போய்விட்டது. விட்டதும் இரண்டு பங்காக வந்தது. மறுபடி அதே டியூப். ஆறு மாதத்தில் வட்டம் இடுப்புவரை ஏறி, தொடையில் பிரசவத் தழும்புபோல வரிவரியாகக் கீறல் விழுந்துவிட்டது. அந்த வரி இன்றும் போகவில்லை.

அந்தக் களிம்பில் பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்திருந்தது. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அடக்கிவிடும், பூஞ்சையையோ வளர்க்கும். நம் நாட்டில் படர்தாமரை இப்படி அடங்காமல் பரவுவதற்கு இந்தக் கலப்புக் களிம்புகள் பெரிய காரணம் என்று தோல் டாக்டர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். வாங்கும்போது டியூபின்மேல் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் வேண்டாம். குளோட்ரிமசோல் மாதிரி பூஞ்சை மருந்து மட்டும் உள்ளதைக் கேளுங்கள். வட்டத்தின் மேலேயும் அதைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கும் தடவ வேண்டும். தோல் தெளிந்த பிறகும் இரண்டு வாரம் விடாமல் தடவ வேண்டும். நமக்குப் பாவாடை நாடா இறுகும் இடுப்பிலும் இதே பூஞ்சைதான் வரும். வீட்டில் நான்கு பேருக்கு இருந்தால் நான்கு பேருக்கும் ஒரே சமயத்தில் வைத்தியம். ஒருவர் மட்டும் தடவினால் துண்டு வழியாகத் திரும்பி வந்துவிடும்.

ஆண்கள் குளிக்கும்போது முன்தோலை மெதுவாகப் பின்னால் தள்ளி, உள்ளே படியும் வெள்ளை மாவைத் தண்ணீரால் கழுவி, ஈரம் ஒற்றி, தோலை முன்னுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். தோல் பின்னால் வராவிட்டால் பலம் காட்டக் கூடாது, டாக்டரிடம் போக வேண்டும். முன்தோல் அடிக்கடி வெடித்து எரிகிறது, பெண்களுக்கு அடிக்கடி அரிப்பு வருகிறது என்றால் சுகர் பாருங்கள். சுகர் இருப்பதே தெரியாமல் அரிப்புக் களிம்பு வாங்கிக்கொண்டிருந்தவர்களை வீடு வீடாகப் போகும்போது பார்க்கிறேன்.

பெண்களுக்கு: உள்ளே கழுவாதீர்கள்

இதைத்தான் நான் எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வாடை வந்ததும் நான் செய்த முதல் வேலை, கிருமிநாசினியைத் தண்ணீரில் கலந்து உள்ளேவரை கழுவியது. எரிந்தது. எரிந்தால் சுத்தமாகிறது என்று நினைத்தேன். வாடை இரட்டிப்பானது.

யோனி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். உள்ளே லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள் குடியிருந்து, தயிரைப்போல லேசான புளிப்பை உண்டாக்கி வைத்திருக்கின்றன. அந்தப் புளிப்புதான் கெட்ட கிருமிக்குத் தடை. சோப்பு, கிருமிநாசினி, மஞ்சள், வாசனைத் திரவம் எதை உள்ளே விட்டாலும் நல்ல கிருமிதான் முதலில் சாகும். எனவே வெளிப்புறத்தை மட்டும் வெறும் தண்ணீரால் கழுவுங்கள். வெளித் தோலில் சோப்பு போட்டாலும் லேசாகப் போட்டு அலசிவிடுங்கள். மலம் கழித்த பிறகு முன்னாலிருந்து பின்னால் கழுவுங்கள், ஒருபோதும் பின்னாலிருந்து முன்னால் கையைக் கொண்டுவராதீர்கள். கழுவிய பிறகு மடித்த துணியால் ஒற்றி எடுங்கள்.

வெள்ளைப்படுதல் என்றாலே பயப்பட வேண்டாம். நிறமில்லாமலோ பால் வெள்ளையாகவோ, அரிப்பும் கெட்ட வாடையும் இல்லாமல் வருவது இயல்பு. இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் முட்டையின் வெள்ளைக்கருபோல இழுபடும், அதுவும் இயல்புதான். எலும்பு உருகி வெளியே போகிறது என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்கள். எல்லைக்கு அந்தப் பக்கமும் அஸ்தியுருக்கம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். எலும்பு உருகுவதில்லை. இந்தப் பயத்தில் சோறு இறங்காமல் இளைத்துப்போகிற பிள்ளைகளைப் பார்த்தால் மனசு வலிக்கிறது.

இயல்பு மாறினால் கவனியுங்கள். தயிர்த்திப்பிபோலத் திரண்டு, அரிப்பு தாங்க முடியாமல், வாடை அதிகம் இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் பூஞ்சை. சாம்பல் வெள்ளையில் நீர்த்து, மீன் வாடை, அதிலும் கணவரோடு சேர்ந்த பிறகு கூடுதலாக அடித்தால், உள்ளே இருக்கும் பாக்டீரியாக்களின் கணக்கு மாறியிருக்கிறது. மஞ்சள் பச்சையாக நுரைத்து வாடையோடு வந்தால் பால்வினைத் தொற்றாக இருக்கலாம், கணவரும் மாத்திரை சாப்பிட வேண்டும். எனக்கு வந்தது அந்த மீன் வாடைதான். ஒரு வருஷம் நான் பட்ட அவமானம் ஒரு வார மாத்திரையில் தீர்ந்தது.

அடிவயிற்று வலியும் காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ரத்தம் கலந்து அழுகல் வாடையோடு படுதல், சேர்ந்த பிறகு ரத்தம், வயதாகித் தீட்டு நின்றுபோன பிறகு மறுபடி ரத்தம், இவை கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். முப்பது வயது தாண்டியவர்களுக்கு அரசு ஆஸ்பத்திரியில் அந்தப் பரிசோதனை இலவசம். அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் செய்துகொள்ளுங்கள்.

விலக்கு நாட்களில் தோட்டத்தில்

ஒரே பேடோடு விடியற்காலை ஐந்து மணியிலிருந்து சாயங்காலம்வரை இருப்பவர்கள்தான் அதிகம். மாற்ற இடமில்லை. ஆனாலும் நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றத்தான் வேண்டும். ஒரு துணிப்பை தைத்துத் தூக்குவாளிக் கூடையில் போட்டுக்கொள்ளுங்கள்: இரண்டு பேடு, ஒரு ஜட்டி, மடித்த துணி, செய்தித்தாள், ஒரு கவர், சின்னப் பாட்டிலில் தண்ணீர். இரண்டு பேராகப் போனால் ஒருத்தி படங்கை, அதாவது தார்ப்பாயை, மறைப்பாகப் பிடித்துக்கொள்ள இன்னொருத்தி மாற்றிவிடலாம். காய் எடுத்த கையில் பிசுபிசுப்பும் மருந்தும் ஒட்டியிருக்கும், மாற்றுவதற்கு முன்பே கையைக் கழுவுங்கள். துணி பயன்படுத்துகிறவர்கள் சோப்பு போட்டு அலசி, வெயிலில் காயப் போடுங்கள். மாதவிலக்குக் கோப்பையும் நல்ல வழி. கேரளத்தில் கும்பளங்கி ஊராட்சி 2022-ல் பேடு இல்லாத ஊராக அறிவிக்கப்பட்டது, பெண்களுக்குக் கோப்பை கொடுத்துப் பழக்கித்தான் அதைச் செய்தார்கள். பன்னிரண்டு மணி நேரம்வரை தாங்கும் என்பதால் தோட்ட வேலைக்குப் பொருந்தும். ஆனால் கையும் கோப்பையும் சுத்தமாக இருக்க வேண்டும். வீட்டில் இரண்டு மாதம் பழகிவிட்டுத் தோட்டத்துக்குக் கொண்டுபோங்கள்.

தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள்

ஒதுங்க இடமில்லை என்று நாம் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. மூத்திரம் அடர்ந்து, வாடை அடித்து, நீர்க்கடுப்பு வந்து, அது ஜட்டியில் பட்டு மறுபடி வாடை. இதில் நம் தப்பு எதுவும் இல்லை. தோட்டத் தொழிலாளர்களுக்குக் குடிநீரும், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறையும் தோட்டக்காரர் தர வேண்டும் என்று 1951-ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. ஜீப்பில் வருகிற அத்தனை பேரும் சேர்ந்து சூப்பர்வைசரிடம் கேளுங்கள். எங்கள் கூட்டம் கேட்ட பிறகுதான் ஸ்டோர்ப் பக்கத்துக் கழிப்பறைச் சாவி எங்கள் கைக்கு வந்தது.

ஆஸ்பத்திரியில் என்ன சொல்வது

ஊரில் என்றால் ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது அரசு மருத்துவமனை. 104-க்குப் போன் செய்து முதலில் ஆலோசனையும் கேட்கலாம். மலைமேலே தங்கி வேலை செய்கிறவர்கள் பக்கத்திலிருக்கும் குடும்பாரோக்ய கேந்திரத்துக்குப் போங்கள். கேரளத்தில் 1056-க்குப் போன் செய்யலாம். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை.

மேலே போனால் பாஷை கொஞ்சம் காலை வாரும். எனக்கு நீர்க்கடுப்பு வந்தபோது நர்ஸ், "மூத்ரத்தில் பழுப்புண்டோ?" என்று கேட்டார். நான் நிறத்தைக் கேட்கிறார் என்று நினைத்து, "இல்ல, மஞ்சள்தான்" என்றேன். மலையாளத்தில் பழுப்பு என்றால் சீழ். அவர் இல்லை என்று எழுதிக்கொண்டார், பரிசோதனை ஒரு வாரம் தள்ளிப்போனது. வெள்ளைப்படுதலுக்கு வெள்ளபோக்கு, அரிப்புக்குச் சொறிச்சில், வலிக்கு வேதன, அக்குளுக்குக் கக்ஷம், மாதவிலக்குக்கு மாசமுற. மணம் என்று அவர்கள் சொன்னால் பூ வாசனை என்று நினைத்துவிடாதீர்கள், அங்கே எந்த வாடைக்கும் மணம்தான். நாற்றம் என்றால் நமக்குள்ள அதே அர்த்தம்.

சொல்ல வாய் வராவிட்டால் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள்: எத்தனை நாளாக, என்ன நிறம், அரிப்பு உண்டா, வாடை உண்டா, கடைசி விலக்கு எப்போது, என்ன களிம்பு போட்டேன். பழைய டியூப் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். போவதற்கு முந்தின நாள் உள்ளே எதையும் போட்டுக் கழுவாதீர்கள், டாக்டர் பார்க்க வேண்டியது அழிந்துவிடும்.

மீன் வாடைக்குத் தரும் மாத்திரை பெரும்பாலும் மெட்ரோனிடசோல். வாயில் இரும்புக் கசப்பு அடிக்கும், குமட்டும். சோறு தின்றுவிட்டுப் போட்டால் தாங்கலாம். இரண்டு மூன்று நாளிலேயே வாடை குறையத் தொடங்கும், பலரும் அன்றைக்கே மிச்ச மாத்திரையைத் தூக்கி அஞ்சறைப்பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். வைக்காதீர்கள். ஏழு நாளுக்கு எழுதியிருந்தால் ஏழு நாளும் போடுங்கள்.